தானாக உடைந்த டம்ளர்

“சார், உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு சொன்னாங்க...”

ராத்திரி ஒன்பதரை மணிக்கு இந்த வாக்கியத்துடன் யாராவது வாசலில் வந்து நின்றால், பெரும்பாலும் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கும். அன்று வந்தவர் விஷயம் வேறு. எங்கள் தெருக்கோடியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் இளைஞர். மூன்று நாள் தாடி. கண் இரண்டும் சிவந்திருந்தன.

“ப்ராஜெக்ட் ஓப்பன் ஆக மாட்டேங்குது சார். எழுபது பர்சென்ட் வரைக்கும் கோடு ஓடுது. அப்புறம் டப்புனு மூடிக்குது.”

அவருக்கு நேர்ந்தது பிளக்-இன் தகராறு. வீடியோ எடிட் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பட்டிருப்பார்கள். எடிட்டிங்குக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்றாலும் படியுங்கள். தப்பு ஒருவர் செய்ய, பழி வேறொருவர் மேல் விழும் கதை எல்லா ஆபீஸ்களிலும் உண்டு.

முதலில் அவசரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாணத்தில் ஊஞ்சலின்போது பெண்ணின் பாட்டி பாடியிருக்கிறார். வயது எண்பத்தாறு. கல்யாணமான பதினெட்டாம் நாள் தவறிவிட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பதின்மூன்றாம் நாளன்று அந்தப் பத்து நிமிஷத்தைப் போட்டுக் காட்டமுடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் இரண்டே நாள்.

“கேமராவில் எடுத்த ஒரிஜினல் இருக்குமே, அதைக் காட்டேன்?” என்றேன்.

“அதுல பாட்டி குரலைவிட சமையல்கட்டு சத்தம்தான் சார் ஜாஸ்தி. ஒரு நைட் பூரா உக்காந்து க்ளீன் பண்ணேன். அது இந்த ப்ராஜெக்டுக்குள்ள மாட்டிக்கிச்சு.”

போய்ப் பார்த்தேன். திரையில் வந்த அறிவிப்பு உங்களில் பலருக்குப் பரிச்சயமான ரகம். மன்னிக்கவும், ஒரு தீவிரமான பிழை நிகழ்ந்துவிட்டது, நிரலை மூடவேண்டியிருக்கிறது. கீழே ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான். எதற்கு ஓகே சொல்கிறோம் என்பது தெரியாது. வேறு வழியுமில்லை.

இந்த மூன்று வரியைக் கொஞ்சம் இலக்கணமாகப் பாருங்கள். வீட்டில் சின்னப் பையன் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தால் “உடைச்சுட்டேன்” என்று சொல்லமாட்டான். “அம்மா, டம்ளர் உடைஞ்சுடுச்சு” என்பான். பிறவினையைத் தன்வினையாக்கினால் குற்றவாளி காணாமல் போய்விடுகிறான். டம்ளர் தானாகவே மேஜையிலிருந்து நடந்து வந்து விழுந்து உயிர்விட்டது என்று அர்த்தம். ‘பிழை நிகழ்ந்துவிட்டது’ என்பதும் அதே தந்திரம்தான். யார் செய்தது, எங்கே, எதைத் தொட்டபோது, நான் என்ன செய்யவேண்டும்... ஒன்றும் கிடையாது. பல ஆயிரம் மனித நாட்களைச் செலவழித்து எழுதிய மென்பொருளில் இந்த மூன்று வரிக்கு ஒரு நாள்கூடச் செலவழிக்கவில்லை என்பது என் முதல் புகார்.

இந்தத் தம்பி மூன்று நாளில் என்னவெல்லாம் செய்திருக்கிறார் என்று கேட்டேன். ராம் கூட்டியிருக்கிறார். கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரை அப்டேட் செய்திருக்கிறார். விண்டோஸின் பிழைக்குறிப்பைத் திறந்து பார்த்தால் விண்டோஸின் சொந்த ஃபைல் ஒன்றின் பெயரே போட்டிருந்ததாம். ஆகவே விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போட்டு, எடிட்டிங் சாஃப்ட்வேரையும் எல்லா பிளக்-இன்களையும் திரும்ப நிறுவியிருக்கிறார். அதே எழுபது சதவீதம். அதே டப்.

இத்தனையும் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான்கு காரியத்தை ஒரே மூச்சில் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, ஆகாவிட்டாலும் எது காரணமில்லை என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். இது வைத்தியத்துக்கும் பொருந்தும்.

“மொத்தம் எத்தனை பிளக்-இன்?”

“நாப்பத்தி மூணு சார்.”

“காசு கொடுத்து வாங்கினது?”

சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

பிளக்-இன் என்பது என்ன? எடிட்டிங் மென்பொருளைத் தயாரித்த கம்பெனி எல்லா ஜாலமும் தானே செய்யமுடியாது. ஆகவே கதவைத் திறந்து வைத்து, பிறர் எழுதிய குட்டி நிரல்களை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ஒன்று ஒலியைச் சுத்தம் செய்யும், ஒன்று பொன்னெழுத்தில் பெயரைச் சுழற்றும், ஒன்று பூமாரி பொழியும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சிக்கல், இவர்களை உட்கார வைக்கும் விதத்தில் இருக்கிறது.

பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் பிளக்-இன்களுக்குத் தனி அறை கிடையாது. வீட்டுக்காரரும் விருந்தாளிகளும் ஒரே மெமரியில் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். இலைக்கும் இலைக்கும் நடுவே தடுப்பு இல்லை. ஒருவர் இலையில் ரசம் அதிகமாக விழுந்தால் அது பக்கத்து இலைக்கு ஓடும். அங்கிருப்பவர் பாயசம் என்று நினைத்து வாயில் வைத்துப் புரையேறி விழுவார். பிழைக்குறிப்பு விழுந்தவர் பெயரைத்தான் எழுதும். ரசத்தை ஓடவிட்டவர் சாதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குறிப்பில் விண்டோஸ் பெயர் இருந்தது இப்படித்தான். ஒருவர் விழுந்தால் பந்தி மொத்தமும் எழுந்துவிடவேண்டும் என்பது இந்த மண்டபத்தின் விதி. மூன்று நாள் உழைப்பு சேமிக்கப்படாமல் போவது இதனால்தான்.

சரி, நாற்பத்து மூன்று பேரில் யார்?

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்று சோதனை. பாதி பாதியாகப் பிரித்தால் ஆறே சோதனை. பிளக்-இன் ஃபோல்டரிலிருந்து பாதியை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ப்ராஜெக்டைத் திறக்கவேண்டும். திறந்தால் குற்றவாளி வெளியே. திறக்காவிட்டால் உள்ளே. எந்தப் பாதியில் இருக்கிறானோ அதை மறுபடி இரண்டாக்கவேண்டும். 43, 22, 11, 6, 3, 2, 1. டெலிபோன் டைரக்டரி இருந்த காலத்தில் பெயர் தேடிய அதே முறை. நகர்த்துவதற்கு முன் ப்ராஜெக்ட் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். இது முக்கியம்.

இருபத்திரண்டை வைத்துத் திறந்தோம். சில எஃபெக்ட்களைக் காணோம் என்று சொல்லிவிட்டு, திறந்தது. தம்பி முகத்தில் மூன்று நாளில் முதல் சிரிப்பு. அப்படியானால் வில்லன் மற்ற இருபத்தொன்றில். அவற்றை மட்டும் வைத்துத் திறந்தோம்.

அதுவும் திறந்தது.

“என்ன சார் இது, ரெண்டு பக்கமும் நல்லவங்களா இருக்காங்க?”

விஷயமே அதுதான். தனித்தனியாக இரண்டு தரப்பும் நல்லவர்கள். சேர்ந்தால்தான் ஆகாது. குற்றவாளி ஒருவர் அல்ல, ஒரு ஜோடி. இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிட்டுவிட்டு மறுபடி விண்டோஸ் போடப் போகிறார்கள். நாற்பத்து மூன்றில் எத்தனை ஜோடி? 43 பெருக்கல் 42, வகுத்தல் 2. ஆக 903. ஒரு சோதனைக்கு ஐந்து நிமிஷம் என்றால் எழுபத்தைந்து மணி நேரம். மூன்று நாள் மூன்று ராத்திரி. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஜோடிக்கும் பாதி முறையே போதும். இரண்டு பேரும் வேறு வேறு பாதியில் இருக்கிறார்கள் என்பதுதான் தெரிந்துவிட்டதே. முதல் பாதி முழுவதையும் அசையாமல் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் பிரித்துக்கொண்டே போனால், ஐந்து சோதனையில் அங்கே இருக்கும் ஆள் கிடைப்பார். பிறகு அவரை மட்டும் உட்காரவைத்து முதல் பாதியைப் பிரித்தால், இன்னும் ஐந்தில் இவருடைய ஜோடி கிடைப்பார். முன்னால் செய்த இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒரு மணி நேரம். ராத்திரி பதினொன்றேகாலுக்குக் கிடைத்துவிட்டார்கள்.

ஒன்று, பாட்டி குரலைச் சுத்தம் செய்த ஒலி பிளக்-இன். மற்றது, மணமக்கள் பெயரைப் பொன்னெழுத்தில் சுழலவைக்கும் டைட்டில் பிளக்-இன். இதில் வேடிக்கை, அந்த நாற்பத்து மூன்றில் இந்த இரண்டும்தான் காசு கொடுத்து வாங்கியவை!

இதை வைத்துக்கொண்டு கிராக் நல்லது என்று யாரும் கிளம்பவேண்டாம். கிராக் என்பது மென்பொருளின் உள்ளே கை வைத்துச் சில ஃபைல்களை மாற்றுவது. யார் மாற்றினார்கள், கூடவே எதை உள்ளே விட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தகராறு வந்தால் கேட்க நாதியில்லை. ஆனால் காசு கொடுத்தவனுக்கு நாதி இருந்ததா என்று பின்னால் பார்ப்போம்.

ஒலிக்கும் எழுத்துக்கும் என்ன பகை? இரண்டு பிளக்-இன் ஃபோல்டர்களையும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு டி.எல்.எல். ஃபைல் இருந்தது. அளவு வேறு, தேதி வேறு. இரண்டு கம்பெனிகளும் பொதுவில் கிடைக்கும் ஒரே நூலகத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கின்றன. ஒருவர் பழைய பதிப்பு, மற்றவர் புதிய பதிப்பு. விண்டோஸில் ஒரு வழக்கம் உண்டு. முழு விலாசம் தராமல் வெறும் பெயரைச் சொல்லி ஒரு டி.எல்.எல்.லைக் கேட்டால், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று மெமரிக்குள் வந்திருந்தால் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். கல்யாண மண்டபத்தில் ‘குமாரைக் கூப்பிடு’ என்று சொன்னால் முதலில் வந்த குமார் வந்து நிற்பதுபோல. நீங்கள் கேட்டது சமையல் குமார், வந்தவர் பெண்ணின் மாமா குமார். அவர் கையில் கரண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தான சார் ஓடிச்சு?”

ஓடியிருக்கும். டைட்டில் பிளக்-இன் அதற்குப் பிறகு தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டுவிட்டது, யாரையும் கேட்காமல். நடந்தது இதுதான் என்று ஃபைல் தேதியே சொன்னது. வேலை நடுவில் இருக்கும்போது தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள் என்று எடிட்டர்கள் சொல்வது மூடநம்பிக்கை இல்லை.

இனி வழக்குக்கு வருவோம். குற்றவாளி யார்?

மறுநாள் தம்பி மூன்று கம்பெனிகளுக்கும் எழுதினார். டைட்டில்காரர்கள், எடிட்டிங் மென்பொருளின் லேட்டஸ்ட் பதிப்புக்கு மாறச் சொன்னார்கள். ஒலிக்காரர்கள், டைட்டில்காரர்களைக் கேட்கச் சொன்னார்கள். எடிட்டிங் மென்பொருள் கம்பெனி, வெளியார் பிளக்-இன்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மரியாதையாகத் தெரிவித்தது. மூன்று பதிலிலும் டம்ளர் தானாகத்தான் உடைந்திருந்தது.

இரண்டு பிளக்-இன்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது. டி.எல்.எல். பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்து வைத்திருந்தால், அல்லது அதைத் தங்கள் நிரலுக்குள்ளேயே பிணைத்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது. ஆனால் இவர் இருப்பது அவருக்குத் தெரியாது. இருவரையும் கூப்பிட்டு அடுத்தடுத்த இலையில் உட்காரவைத்தவர் வீட்டுக்காரர். பிளக்-இன் பட்டியலைப் பெருமையாகக் காட்டி, எங்களிடம் இத்தனை வசதி என்று விளம்பரம் செய்பவரும் அவரே. விருந்துக்கு அழைத்துவிட்டு விருந்தாளிகளின் சண்டைக்கு நான் பொறுப்பில்லை என்றால் எப்படி? என் தீர்ப்பில் முதல் எதிரி வீட்டுக்காரர்தான்.

வழியில்லையா என்றால், இருக்கிறது. இன்டர்நெட் பிரவுசர்களும் இதே துன்பத்தைப் பட்டவைதான். ஃப்ளாஷ் பிளக்-இன் விழுந்தால் பிரவுசரே விழும். 2008-ல் வந்த கூகுள் க்ரோம் ஒவ்வொன்றையும் தனித்தனி பிராசஸில் பிரித்து வைத்தது. 2010 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6.4 ஃப்ளாஷைத் தனி அறைக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு விழுந்தவர் மட்டும் விழுந்தார், பந்தி நடந்தது. இசை மென்பொருளில் 2014-ல் வந்த பிட்விக் ஸ்டூடியோ இதையே செய்தது. பிளக்-இன் செத்தாலும் பாட்டு ஓடும்.

வீடியோக்காரர்கள் சொல்லும் சமாதானம், எங்கள் சுமை அதிகம் என்பது. நியாயம் உண்டு. 4கே படத்தில் ஒரு ஃப்ரேமுக்கு 3840 பெருக்கல் 2160 புள்ளி. உயர்தரக் கணக்கில் புள்ளிக்கு 16 பைட். ஒரு ஃப்ரேம் 13 கோடியே 27 லட்சம் பைட். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் சுமார் 332 கோடி. இதை அறைக்கு அறை சுமந்துகொண்டிருந்தால் வேலை நடக்காதுதான். ஆனால் சுமக்கத் தேவையில்லை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பொது ஜன்னல் வைத்து, ஒரே மெமரிப் பகுதியை இருவரும் பார்க்கும்படி செய்யலாம். ஆப்பிளின் எஃப்எக்ஸ்பிளக் 4 ஏற்பாட்டில் பிளக்-இன்கள் தனி பிராசஸில்தான் ஓடுகின்றன. ஆகவே முடியாது என்பதில்லை. புதிய எஃபெக்ட் விற்கும், தடுப்புச் சுவர் விற்காது. அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்லவேண்டும். பிரீமியர் ப்ரோவை இப்போது ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டே திறந்தால், வெளியார் பிளக்-இன்களை விலக்கிவிட்டுத் தொடங்க வழி வைத்திருக்கிறார்கள். 2021-ல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் கணக்கிட ஆரம்பித்தபோது, அதற்குத் தயாராகாத எஃபெக்ட் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைக் குறி போட்டார்கள். ‘உடைஞ்சுடுச்சு’ என்பதிலிருந்து ‘இவன் உடைப்பான், ஜாக்கிரதை’ என்பதுவரை வந்திருக்கிறார்கள். முன்னேற்றம்தான்.

எனக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. ப்ராஜெக்ட் ஃபைலை நாம் படம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது படமில்லை, சமையல் குறிப்பு. ‘இன்ன பிளக்-இன்னைக் கூப்பிட்டு இன்ன அளவு போடு’ என்றுதான் அதில் எழுதியிருக்கும். ஆள் வராவிட்டால் சமையல் இல்லை. 2010-ல் பிரீமியர் சிஎஸ்5 முழுக்க 64 பிட்டுக்கு மாறியபோது 32 பிட் பிளக்-இன்கள் அதற்குள் நுழையமுடியவில்லை. 2011 ஜூனில் வந்த ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், தன் முன்னோடியான ஏழாம் பதிப்பின் ப்ராஜெக்ட்களையே திறக்க மறுத்து எடிட்டர்களிடம் திட்டு வாங்கியது. 2019-ல் மேக் இயங்குதளமான கேடலினா 32 பிட் நிரல்களை மொத்தமாக வழியனுப்பியபோது அந்த ஏழாம் பதிப்புக்கும் அங்கே இடமில்லை. இதில் எதுவும் எடிட்டர் செய்த பிழையில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்துப் பாட்டி குரலைக் கேட்க வருகிறவர்கள் எடிட்டரிடம்தான் வருவார்கள்.

ஆகவே முடிந்த ஒவ்வொரு பகுதியையும் அன்றன்றைக்கே முழு வீடியோ ஃபைலாக எழுதி வைத்துவிடுங்கள். ஒலியைச் சுத்தம் செய்தீர்களா? அந்த ஒலியைத் தனி ஃபைலாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்த பிளக்-இன் இருந்தாலென்ன, போனாலென்ன. வத்தல் போட்டு வைப்பது மாதிரி.

இனி பாட்டி. டைட்டில் பிளக்-இன்னை வெளியே நிறுத்திவிட்டுத் திறந்தபோது குரல் அப்படியே இருந்தது. அதை உடனே தனி ஃபைலாக எழுதிவைத்தோம். பொன்னெழுத்துகள் மட்டும் காணோம். பாட்டி பாடும் பத்து நிமிஷமும் அவர் முகத்துக்குக் குறுக்கே மணமக்கள் பெயர் சுழன்றுகொண்டிருந்ததாம். அது இல்லாமல் பார்த்தேன். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டாம் அடியை மறந்து, பேத்தி எடுத்துக் கொடுக்க, சிரித்துவிட்டுத் தொடர்கிறார்.

வால்டர் மர்ச் 2003-ல் ‘கோல்ட் மவுன்டன்’ படத்தை, கடையில் யாரும் வாங்கக்கூடிய ஃபைனல் கட் ப்ரோவில் எடிட் செய்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். எடிட்டரின் பெரிய ஆயுதமான ‘கட்’ எல்லா மென்பொருளிலும் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதற்கு பிளக்-இன் தேவையில்லை, அது யாரோடும் சண்டை போட்டதுமில்லை.

“டைட்டில் இல்லாம குடுத்தா திட்டுவாங்களே சார்?” என்றார் தம்பி.

கொடுத்தார். பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டாம் அடியில் பாட்டி சிரித்தபோது, நிறுத்தி மறுபடி போடச் சொன்னார்களாம், மூன்று தடவை. பொன்னெழுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அவரிடம் பதினொரு பிளக்-இன்கள்தான் இருக்கின்றன. மீதி முப்பத்திரண்டை எடுத்துவிட்டார். எதற்காகப் போட்டோம் என்றே ஞாபகமில்லை என்கிறார்.